ஜெனோவா, 1945: கொரில்லாக்களிடம் ஒரு ஜெனரல் சரணடைந்த நாள்

1945 ஏப்ரல் 25ஆம் நாள் மாலை ஏழரை மணிக்கு, வடமேற்கு இத்தாலியின் துறைமுக நகரான ஜெனோவாவில், சான் ஃப்ருத்துவோசோ பகுதியிலுள்ள வில்லா மிகோனே என்னும் மாளிகையில், ஜெர்மானியப் படைத்தலைவர் குந்தர் மைன்ஹோல்ட் ஒரு சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இரண்டாம் உலகப் போரின் கடைசி வாரங்களில் ஜெர்மானியர் கையெழுத்திட்ட சரணடைவுத் தாள்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியதற்குக் காரணம், எதிர்த்தரப்பில் கையெழுத்திட்டவர்கள் யார் என்பதுதான். அந்த வரிசையில் அமெரிக்கரும் இல்லை, பிரிட்டிஷாரும் இல்லை. தலைமைக் கையெழுத்து ரெமோ ஸ்காப்பீனியுடையது. அவர் எம்போலி ஊரில் பிறந்த தொழிலாளி, கம்யூனிஸ்ட், பாசிச அரசின் சிறையில் பல ஆண்டுகள் கழித்தவர், அன்றைக்கு லிகூரியா மாநிலத் தேசிய விடுதலைக் குழுவின் தலைவர். எதிர்ப்பியக்கத்தில் இருந்த அவருடைய மனைவி ரீனா கியாரினி 1944இல் பிடிபட்டு, போல்சானோவிலிருந்த ஜெர்மானிய முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அந்த மனிதரிடம்தான் ஒரு ஜெனரல் தம் படையை ஒப்படைத்தார்.

ஆயுதம் இன்னும் கையில் இருக்கும் ஒரு படை, சட்டம் போர்வீரர் என்றே ஏற்காத எதிராளியிடம் ஏன் சரணடைகிறது, எவற்றை உறுதி செய்துகொண்ட பிறகு சரணடைகிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஜெனோவாவின் கதையை எழுச்சியின் வெற்றியாகச் சொல்வோர் உண்டு. ஒரு கர்தினாலின் சமாதானப் பணியாகச் சொல்வோர் உண்டு. அறிவுத்தெளிவுள்ள ஒரு ஜெனரலின் முடிவாகச் சொல்வோரும் உண்டு. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மூன்று தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தது அடைபட்டுப்போன மலைச்சாலைதான் என்பது என் கணிப்பு.

கொரில்லாவிடம் சரணடைய அஞ்சியது ஏன்

முதலில் சட்டம். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் முறையான படைக்கு வெளியே ஆயுதம் ஏந்துவோரைப் போர்வீரராக ஏற்க நான்கு நிபந்தனைகளை வைத்தன. அவர்களுக்குப் பொறுப்பான தலைவர் ஒருவர் இருக்க வேண்டும், தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் நிலையான சின்னம் வேண்டும், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும், போர் மரபுகளைக் கடைப்பிடிக்க வேண்டும். எதிரி நெருங்கி வரும்போது மக்கள் தாமாகக் கிளர்ந்தெழுந்து போரிட்டால் அதற்கும் அந்த விதிகளில் இடம் உண்டு. ஆனால் இன்னும் ஆக்கிரமிக்கப்படாத நிலப்பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும். ஏற்கெனவே எதிரியின் பிடியில் இருக்கும் நகரத்தில் மக்கள் எழுந்தால், அந்த விதி அவர்களுக்குக் குடை பிடிக்காது. 1945 ஏப்ரலில் ஜெனோவா ஒன்றரை ஆண்டுக்கு மேலாக ஜெர்மானியர் வசம் இருந்த நகரம்.

ஜெர்மானியர் இந்த இடைவெளியை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய அலுவல் மொழியில் கொரில்லாக்களுக்குப் பெயர் கொள்ளைக் கும்பல். 1944 ஜூன் 17 அன்று இத்தாலியிலிருந்த ஜெர்மானியத் தலைமைத் தளபதி கெஸ்ஸெல்ரிங் விடுத்த உத்தரவு, கொரில்லாக்களுக்கு எதிரான கடுமையில் அளவு மீறும் எந்தத் தளபதியையும் தாம் காப்பதாக வாக்களித்தது. ஜெனோவாவைச் சுற்றிய மலைகளில் அந்தக் கடுமையின் தடயங்கள் அதற்கு முன்பே பதிந்திருந்தன. 1944 ஏப்ரலில் பெனெதிக்தா என்ற பழைய மடத்தைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் நகரத்தின் ஓதெயோன் திரையரங்கில் குண்டு வெடித்து ஜெர்மானியக் கடற்படையினர் ஐவர் இறந்ததற்குப் பழியாக, மராசி சிறையிலிருந்து 59 கைதிகள் துர்க்கீனோ கணவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 16 அன்று தொழிற்சாலைகளை வளைத்து ஏறத்தாழ 1,500 தொழிலாளர்களைப் பிடித்து ஜெர்மனிக்கு ரயிலேற்றினார்கள்.

இவ்வளவும் செய்த படை, இவற்றுக்கு ஆளானவர்களின் கையில் தன்னை ஒப்படைக்க அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு அன்றைய பிரான்சில் ஒரு பெரும் சான்று உண்டு. 1944 செப்டம்பரில் ஜெனரல் போத்தோ எல்ஸ்டரின் தலைமையில் தென்மேற்கு பிரான்சிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ 20,000 ஜெர்மானியர், வழிநெடுகத் தங்களை வாட்டி வதைத்த பிரெஞ்சு உள்நாட்டுப் படைகளிடம் சரணடைய மறுத்து, அமெரிக்கரிடம்தான் சரணடைவோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அமெரிக்கரும் ஒப்புக்கொண்டார்கள். லுவார் ஆற்றங்கரை வரை ஆயுதங்களைக் கையில் வைத்துக்கொண்டே நடந்துபோக எல்ஸ்டரின் ஆட்களுக்கு அனுமதி கிடைத்தது. அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்களோ ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. பாரிஸில் அதற்குச் சில வாரங்கள் முன்பு ஜெனரல் ஃபோன் ஷோல்டிட்ஸ் சரணடைந்தபோதும், ஒப்பந்தத்தைப் பெற்றவர் முறையான பிரெஞ்சுப் படையின் தளபதி லெக்லெர். எதிர்ப்பியக்கத்தின் கர்னல் ரோல்-தங்கியின் கையெழுத்தும் அதில் ஏறியது என்றாலும், அவர் பக்கத்துணையாகவே தோன்றுகிறார்.

இரண்டாவது அச்சம் சொந்தப் பக்கத்திலிருந்து வருவது. ஹிட்லரின் படையில் உத்தரவில்லாமல் சரணடைந்த தளபதி துரோகி. அவருடைய குடும்பமும் பொறுப்பாக்கப்படலாம். எல்ஸ்டருக்கு ஜெர்மானியப் படை நீதிமன்றம் அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தது. 1944 ஆகஸ்டில் லிமோஜ் நகரைக் கொரில்லாக்களிடம் ஒப்படைக்க இசைந்த தளபதி க்ளைனிகரைச் சொந்தப் பக்கத்தினரே பிடித்துச் சென்றார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. ஆகவே கொரில்லாவிடம் சரணடைய நினைக்கும் தளபதிக்கு முன்னால் ஒரு துப்பாக்கி, முதுகுக்குப் பின்னால் இன்னொரு துப்பாக்கி.

நகரமும் கணவாய்களும்

ஜெனோவாவின் நில அமைப்பு தெரியாமல் அடுத்து நடந்தது விளங்காது. நகரம் கடலோரத்தில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒரு பட்டை. முதுகை ஒட்டியே அபெனைன் மலை எழுகிறது. உள்நாட்டுக்குப் போக வேண்டுமானால் ஜோவி போன்ற கணவாய்கள் வழியாக ஏறி, ஸ்க்ரீவியா பள்ளத்தாக்கில் இறங்கி, போ ஆற்றின் சமவெளியை அடைய வேண்டும். கடல்வழி நேச நாடுகளின் கையில் இருந்தது. கிழக்கே லா ஸ்பெஸியா பக்கமிருந்து அமெரிக்கப் படை கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தது. பொலோஞா ஏப்ரல் 21இல் வீழ்ந்துவிட்டது. ஆக, மைன்ஹோல்டின் ஆட்கள் வெளியேற எஞ்சியிருந்தவை அந்த மலைச்சாலைகள் மட்டுமே. மலையிலோ 1943 முதல், எதிர்ப்பியக்கம் ஆறாம் மண்டலம் என்று வகுத்திருந்த பகுதியின் கொரில்லாப் பிரிவுகள் வளர்ந்து நிலைத்திருந்தன. அவற்றுள் பேர்பெற்ற சிக்கேரோ பிரிவின் தலைவர், பிஸாஞோ என்ற புனைபெயர் கொண்ட இளைஞர் ஆல்தோ கஸ்தால்தி. ஜெனோவாவின் நடுவே ஓடும் ஆற்றின் பெயரையே அவர் தமக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

நகருக்குள் இருந்தவை வேறுவகைப் படைகள். ‘சாப்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நாட்டுப்பற்றாளர் செயற்குழுக்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் கப்பல்கட்டும் தளங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள். சுமார் 3,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நகரிலிருந்த ஜெர்மானியர் சுமார் 6,000 பேர் என்பதும் அப்படியே. ஆள்கணக்கில் ஒன்றுக்கு இரண்டு. ஆயுதக்கணக்கில் ஒப்பிடவே முடியாது.

இரு தரப்பின் மனத்திலும் இருந்தது துறைமுகம். பின்வாங்கும்போது அதைத் தகர்க்க ஜெர்மானியர் கண்ணிவெடிகளைப் பதித்திருந்தார்கள். ‘அக்கீலா’ என்ற, கட்டி முடிக்கப்படாத விமானந்தாங்கிக் கப்பலை நுழைவாயிலில் மூழ்கடித்துத் துறைமுகத்தையே அடைத்துவிடுவார்கள் என்ற ஐயமும் இருந்தது. அதைத் தடுக்கவே ஏப்ரல் 19 அன்று, நேச நாடுகளின் பக்கம் சேர்ந்திருந்த இத்தாலியக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் துறைமுகத்துக்குள் நுழைந்து அந்தக் கப்பலைத் தாக்கினார்கள். நகரத்துக்குத் துறைமுகம் சோறு போடும் இடம். அது போனால் போருக்குப் பின்னும் பட்டினிதான்.

23 முதல் 25 வரை

மைன்ஹோல்டுக்குப் பின்வாங்கும் உத்தரவு வந்திருந்தது. அவர் ஜெனோவாவின் பேராயரான கர்தினால் பியேத்ரோ போயத்தோ வழியாக ஒரு பேரத்தை முன்வைத்தார். நான்கு நாள் அவகாசம் கொடுத்து, வழியில் தாக்காமல் விட்டால், துறைமுகத்தையும் நகரத்தையும் சேதப்படுத்தாமல் போய்விடுகிறோம் என்பது அதன் சாரம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய பேரம் அன்று. உயிர்ச்சேதமில்லாமல் துறைமுகம் தப்பும். மறுபக்கம், ஆயிரக்கணக்கான ஜெர்மானியர் ஆயுதத்தோடு போ சமவெளிக்குப் போய்ச் சேர்ந்து அங்கே மறுபடியும் போரிடுவார்கள்; அவர்கள் வாக்கைக் காப்பாற்றுவார்கள் என்பதற்கும் பிணை எதுவும் இல்லை. கம்யூனிஸ்டுகள் முதல் லிபரல்கள் வரை பல கட்சிகள் கலந்திருந்த விடுதலைக் குழு 23ஆம் நாள் இரவு கூடிப் பேசியது. விவாதம் எளிதில் முடியவில்லை. முடிவில் பேரம் தள்ளப்பட்டு, எழுச்சிக்கு உத்தரவு போனது. பாசிச அதிகாரிகள் அன்றிரவே மூட்டை கட்டிக்கொண்டு நகரைவிட்டு நழுவத் தொடங்கியிருந்தார்கள்.

24ஆம் நாள் விடியுமுன்பே தெ ஃபெர்ராரி சதுக்கப் பகுதியில் துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது. நகராட்சி, தொலைபேசி நிலையம், காவல் தலைமையகம், மராசி சிறை என்று ஒவ்வொன்றாக எழுச்சியாளர் கைக்கு வந்தன. துறைமுகப் பகுதியிலும் சில உறுதியான கட்டடங்களிலும் ஜெர்மானியர் அடைபட்டுக்கொண்டார்கள். மைன்ஹோல்டோ நகருக்குள்ளேயே இல்லை. அவருடைய தலைமையகம் மலைக்கு அப்பால், ஸ்க்ரீவியா பள்ளத்தாக்கிலிருக்கும் சவிஞோனேயில் இருந்தது. இடையிலுள்ள சாலை கொரில்லாக்களின் கையில். படை ஓரிடத்தில், தளபதி வேறோரிடத்தில், நடுவே எதிரி. எந்தப் படைத்தலைவருக்கும் இதைவிடக் கசப்பான நிலை வேண்டியதில்லை.

அன்று இரண்டு மிரட்டல்கள் பரிமாறப்பட்டன. நகருக்குக் கிழக்கே மோந்தே மோரோ குன்றிலும் துறைமுகத்திலும் இருந்த பீரங்கிகளால் நகரைத் தாக்குவோம் என்று ஜெர்மானியத் தரப்பு எச்சரித்தது. அப்படிச் செய்தால் தங்கள் வசமுள்ள ஜெர்மானியக் கைதிகளைப் போர்க் குற்றவாளிகளாகக் கருதுவோம் என்று மலைப்படையின் தலைமை பதில் அனுப்பியது. இந்தப் பதிலை எழுச்சியின் சாதுரியம் என்று பாராட்டுவது வழக்கம். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் கைதிகள்மீது பழிவாங்குவதை வெளிப்படையாகவே தடைசெய்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. மிரட்டல் நிறைவேற்றப்படவில்லை; பீரங்கிகளும் நகரை அழிக்கவில்லை. இரண்டு தரப்பின் கையிலும் மற்றவரின் ஆட்கள் இருந்ததுதான் இருவரையும் நிதானப்படுத்தியது.

25ஆம் நாள் காலை, எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த மருத்துவர் கார்மினே ரொமான்ஸி ஓர் ஆம்புலன்ஸில் ஏறிச் சவிஞோனேக்குப் புறப்பட்டார். கர்தினாலின் கடிதமும் ஜெர்மானியத் துணைத்தூதரகத்தின் கடிதமும் அவரிடம் இருந்தன. நகரிலுள்ள உங்கள் ஆட்களின் நிலை இது, வெளியேறும் வழி இல்லை, வந்து பேசுங்கள் என்பதே அவர் கொண்டுசென்ற செய்தியின் உள்ளடக்கம். பிற்காலத்தில் ஜெனோவா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த அந்த நுண்ணுயிரியல் பேராசிரியர் அன்று செய்த பயணத்தை நான் இந்தக் கதையின் திருப்புமுனையாகவே கருதுகிறேன். மைன்ஹோல்ட் கேள்விப்பட்டதை நம்பியிராமல் இருக்கலாம். தம் கண்ணால் பார்த்ததை மறுக்க முடியாது. ரொமான்ஸியோடு நகருக்கு வந்த வழியில், தம் படை போக வேண்டிய சாலையில் நிற்பது யார் என்பதை அவர் நேரிலேயே பார்த்தார். சவிஞோனேயிலிருந்து புறப்பட்டபோது அவர் மனத்தில் என்ன இருந்ததோ, வில்லா மிகோனேயின் வாசலில் இறங்கியபோது அவரிடம் பேரம் பேசப் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

இடம் தேர்ந்ததிலும் பொருள் இருக்கிறது. வில்லா மிகோனே அப்போது கர்தினாலின் தற்காலிக இருப்பிடம். அது படைமுகாமும் இல்லை, கொரில்லாக்களின் பாசறையும் இல்லை. ஒரு ஜெனரல் அங்கே போனால், கும்பலிடம் போனதாக ஆகாது. திருச்சபையின் முற்றத்துக்குப் போனதாக ஆகும். மானம் கெடாமல் உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டியிருந்தது. போயத்தோ அதைத் திறந்துவைத்தார். அவருடைய துணை ஆயர் ஜுசெப்பே சீரியும் இந்தப் பேச்சுகளில் பங்குகொண்டார்.

தாளில் எழுதப்பட்டது

மைன்ஹோல்டோடு அவருடைய படைப்பணியகத் தலைவர் கேப்டன் அஸ்முஸ் இருந்தார். எதிரே ஸ்காப்பீனி, வழக்குரைஞர் எர்ரிக்கோ மர்த்தீனோ, மருத்துவர் ஜொவான்னி சவொரெத்தி ஆகிய மூவரும் விடுதலைக் குழுவின் சார்பில். நகரப் படைத்தலைவராக மேஜர் மௌரோ அலோனி. இத்தாலிய மொழியில் இரண்டு, ஜெர்மன் மொழியில் இரண்டு என நான்கு பிரதிகள். மொத்தம் நான்கே விதிகள். போர்க்கால ஆவணங்களில் இவ்வளவு சுருக்கமானதும், சொல் ஒவ்வொன்றையும் இவ்வளவு எண்ணி வைத்ததும் அரிது.

முதல் விதி, மைன்ஹோல்டின் கீழுள்ள தரைப்படையும் கடற்படையும், லிகூரியாவின் படைத்தலைமைக்குக் கட்டுப்பட்ட விடுதலைத் தன்னார்வப் படையின் (கொரில்லாப் பிரிவுகளின் கூட்டுப் படைக்கு அதுவே பெயர்) ஆயுதப் படைகளிடம் சரணடைகின்றன என்கிறது. ‘ஆயுதப் படைகள்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முந்தைய நாள் வரை கொள்ளைக் கும்பல் என்று எழுதிய கை, அவர்களுக்கு ஒரு தலைமையும் ஒரு படைப்பெயரும் உண்டு என்று எழுதிக் கையெழுத்திடுகிறது. ஹேக் விதிகளின் நான்கு நிபந்தனைகளுள் முதலாவதான பொறுப்புள்ள தலைவரை ஜெர்மானிய ஜெனரலே ஒப்புக்கொண்டுவிட்டார். கடற்படையைச் சேர்த்ததும் தற்செயல் இல்லை. துறைமுகத்தின் கண்ணிவெடிகள் இருந்தது அவர்கள் பொறுப்பில்.

இரண்டாம் விதி நடைமுறை பற்றியது. அருகிலுள்ள கொரில்லாப் பிரிவின் முன் வந்து நின்று, வழக்கமான முறைப்படி, முதலில் ஆயுதங்களை ஒப்படைத்துச் சரணடைய வேண்டும். அணிவகுப்போ விழாவோ கிடையாது. ஒரே இடத்தில் கூட்டி நிறுத்துவதும் கிடையாது. எந்த மூலையில் ஒரு ஜெர்மானியக் காவல்சாவடி இருக்கிறதோ, அதற்கு எதிரே தெருவில் நிற்கும் ஆலைத் தொழிலாளியிடம், கையில் பட்டை கட்டிய பையனிடம், துப்பாக்கியை நீட்ட வேண்டும். எல்ஸ்டரின் 20,000 பேர் எதைத் தவிர்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்களோ, அதுவே இங்கே எழுத்தில் விதியாகிறது. அத்துடன், நகரெங்கும் சிதறிக் கிடந்த சிறு காவல்படைகளை ஒவ்வொன்றாகக் கலைக்க நடைமுறையில் இதைவிட எளிய வழியும் இல்லை.

மூன்றாம் விதியில் விடுதலைக் குழு தன் பங்குக்கு ஒரு கடமையை ஏற்கிறது. கைதிகளைச் சர்வதேசச் சட்டப்படி நடத்துவோம். குறிப்பாக அவர்களுடைய சொந்த உடைமைகளையும் அடைத்துவைக்கும் இடத்தின் நிலையையும் கருத்தில் கொள்வோம். சொந்த உடைமை என்ற இடத்தில் ஒரு படைவீரனின் அச்சம் அப்படியே தெரிகிறது. கடிகாரம், மோதிரம், மனைவியின் படம், பணப்பை. தோற்றவனிடமிருந்து முதலில் பறிபோவது எது என்று இரு தரப்பிலும் எல்லோருக்கும் தெரியும். சட்டம் தங்களைப் போர்வீரராக ஏற்காதபோதும் அதே சட்டத்தின்படி எதிரியை நடத்துவோம் என்று வாக்களிப்பது விடுதலைக் குழுவுக்கு இழப்பு அன்று. தாங்கள் ஓர் அரசுபோல் நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள் என்பதற்கான சான்றாக அதை அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

நான்காம் விதி, கைதிகளை இத்தாலியிலுள்ள பிரிட்டிஷ்-அமெரிக்கத் தலைமையிடம் ஒப்படைக்கும் உரிமையைக் குழு தனக்கென வைத்துக்கொள்கிறது என்கிறது. ஜெனரலுக்கு இது ஓர் ஆறுதல்: கடைசியில் தம் ஆட்கள் போய்ச் சேரப்போவது முறையான படையின் முகாமுக்கு. எனினும் விதி எழுதப்பட்டிருக்கும் விதம், ஒப்படைப்பது குழுவின் விருப்பத்தைப் பொறுத்தது என்றே சொல்கிறது. அமெரிக்கர் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லை. நாங்கள் கொடுப்போம் என்று சொல்கிறது. 1944 டிசம்பரில் ரோமில் நேச நாடுகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வட இத்தாலியின் எதிர்ப்பியக்கம் நேச நாட்டுத் தலைமையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதுதான். அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே எவ்வளவு தன்மானத்தோடு ஒரு வாக்கியத்தை எழுத முடியும் என்பதற்கு இந்த விதி நல்ல மாதிரி.

தாள் யாரைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். முதல் விதி ஜெர்மானியரை மட்டுமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஜெர்மானியரோடு தோளோடு தோள் நின்ற இத்தாலியப் பாசிசப் படையினருக்கு மூன்றாம் விதியின் நிழல் எழுத்தில் தரப்படவில்லை. அந்நிய எதிரிக்குக் கிடைத்த உறுதிமொழி உள்நாட்டு எதிரிக்குக் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் போர் என்று அந்த ஆண்டுகளை அழைப்பதில் பொருள் இருக்கிறது.

கையெழுத்துக்குப் பின்

ஒரு தளபதி கையெழுத்திட்டதால் மட்டும் படை சரணடைந்துவிடாது. மைன்ஹோல்டின் உத்தரவு ஒவ்வொரு பிரிவுக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த இடத்தில் ஏற்கப்பட வேண்டும். துறைமுகத்தின் கடற்படைத் தலைவர் மாக்ஸ் பெர்னிங்ஹாஸ் அதை ஏற்க மறுத்தார். மோந்தே மோரோவின் பீரங்கிப் படையும் உடனே பணியவில்லை. லிமோஜில் நடந்தது இங்கேயும் நடந்திருக்கக்கூடும். நடக்காமல் போனதற்கு ஒரு காரணம், மைன்ஹோல்ட் அப்போது சொந்தப் படையின் நடுவே இல்லாமல் எதிராளியின் காவலில் இருந்தது என்று தோன்றுகிறது. கொரில்லாக்களின் கையில் அவர் கைதி. அந்தக் கையேதான் அவருக்குக் காப்பும்.

26ஆம் நாள் காலை வானொலியில் விடுதலைக் குழுவின் பாவ்லோ எமிலியோ தவியானி நகர மக்களிடம் பேசினார். இந்தப் போரில் முதல்முறையாக, நன்கு ஆயுதம் தரித்த ஒரு படைக்கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) ஒரு மக்கள் திரளின் முன் சரணடைந்திருக்கிறது என்பது அந்த உரையின் மையம். படைக்கோர் என்பது மிகை. ஜெர்மானிய ஜெனரல் பதவிகளில் கடைசிப் படியில் இருந்த ஒருவரின் கீழ், கோட்டைக்காவல் பிரிவுகளும் கடற்படைக் காவலும் கலந்திருந்த ஒரு கலவைப் படை அது. களத்தில் பழகிய கோர் ஒன்றோடு அதை ஒப்பிடக் கூடாது. முதல்முறை என்பதிலும் யூகோஸ்லாவியக் கொரில்லாக்கள் முகம் சுளிப்பார்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் அறிவித்த பின் இத்தாலியப் படைப்பிரிவுகளே அவர்களிடம் சரணடைந்திருந்தன. அந்தக் காலை வேளையில் வானொலி முன் நின்று கணக்குப் பார்க்கும் மனநிலையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

27ஆம் நாள் அமெரிக்கரின் 473ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் நகரை அடைந்தபோது, போரிட வேண்டிய வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தது. துறைமுகத்தில் சேதம் இருந்தது. ஆனால் அது அழியவில்லை. வட இத்தாலியிலுள்ள எல்லா ஜெர்மானியப் படைகளுக்குமான சரணடைவு கசெர்த்தாவில் ஏப்ரல் 29 அன்று கையெழுத்தாகி மே 2 அன்று நடைமுறைக்கு வந்தது. நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்.எஸ்.ஸின் தளபதி கார்ல் வோல்ஃப் அதற்காக அமெரிக்கரோடு பல வாரங்கள் ரகசியப் பேச்சு நடத்தியிருந்தார். அந்தப் பேச்சு எதிலும் எதிர்ப்பியக்கத்துக்கு நாற்காலி போடப்படவில்லை. ஜெனோவாவின் நான்கு பிரதிகளுக்கு இருக்கும் தனிமதிப்பை இந்த ஒப்பீடு தானாகவே காட்டும். 1947 ஆகஸ்ட் 1 அன்று நகரத்துக்கு வழங்கப்பட்ட தங்கப் பதக்கத்தின் பாராட்டுரையும், வலிமையான ஜெர்மானியக் காவல்படையைச் சரணடையச் செய்து துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் மானத்தையும் காத்த நகரம் என்றே ஜெனோவாவைச் சொல்கிறது.

மைன்ஹோல்டின் மனிதநேயத்துக்கு இதில் எவ்வளவு பங்கு? நகரை அழிக்க அவர் ஆர்வம் காட்டவில்லை என்பது அவருடைய முதல் பேரத்திலிருந்தே தெரிகிறது. அதே பேரத்தில் அவர் கேட்டது சரணடைவை அன்று. ஆயுதத்தோடு வெளியேறும் வழியை. 23ஆம் நாள் வழி கேட்ட மனிதர் 25ஆம் நாள் துப்பாக்கியை ஒப்படைக்க இசைந்தாரென்றால், நடுவே மாறியது அவருடைய குணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கர்தினாலின் மாளிகையும் ரொமான்ஸியின் ஆம்புலன்சும் மூன்றாம் விதியும் இல்லாமல் அவர் கையெழுத்திட்டிருக்க மாட்டார். கணவாய் திறந்திருந்தால் இவை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

சட்டம் மெல்லத்தான் வந்து சேர்ந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட நிலப்பகுதியிலேயே இயங்கினாலும் ஒழுங்கமைந்த எதிர்ப்பியக்கத்தினர், பழைய நான்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டு, போர்க்கைதிகளாக நடத்தப்பட உரியவர்கள் என்று 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம் நான்காம் விதியில் எழுதியது.

ஒருவர் மட்டும் இந்தத் தாளுக்குள் அடங்கவே இல்லை. ஜெனோவாவில் எஸ்.எஸ். பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்து துர்க்கீனோ கொலைகளுக்குப் பொறுப்பானவர் ஃப்ரீட்ரிஷ் எங்கெல். அவருடைய பிரிவு மைன்ஹோல்டின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. ஆகவே அருகிலுள்ள கொரில்லாப் பிரிவின் முன் போய் நிற்க வேண்டும் என்ற விதியும் அவரைக் கட்டவில்லை. போருக்குப் பின் அவர் ஹாம்பர்கில் அமைதியாக வாழ்ந்தார். 1999இல் தூரின் படை நீதிமன்றம் அவர் வராமலேயே ஆயுள் தண்டனை விதித்தது. 2002இல் ஹாம்பர்க் நீதிமன்றம் துர்க்கீனோவின் 59 பேருக்காக ஏழாண்டுச் சிறை விதித்தது. 2004இல் ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வயது கருதி மறுவிசாரணை நடக்கவில்லை. 2006இல் அவர் இறந்தார்.